அக்கா ஒரு தடவைதான் கேட்டாள்

மாஸ்டரிடம் எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. "ஜெபிச்சுட்டுச் சொல்றேன்" என்பார். சபையில் நாற்காலி அடுக்க ஆள் வேண்டும் என்றாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரர் தான் ஊரில் இல்லாதபோது பூனைக்குப் பால் வைக்க முடியுமா என்று கேட்டாலும் சரி, அதே பதில்தான். சொல்லும்போது கண்ணை லேசாக மூடிக்கொள்வார். கேட்டவருக்கு ஏதோ பெரிய காரியம் நடக்கப்போகிறது என்று தோன்றும். அவருடைய மனைவிக்கு மட்டும் அப்படித் தோன்றாது. "அப்படின்னா வரமாட்டார், நீங்க வேற ஆளைப் பாத்துக்குங்க" என்று வாசல்வரை வந்து மெதுவாகச் சொல்லிவிட்டுப் போவாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு இதுகூடவா தெரியாது!

மாஸ்டர் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கூரையில் எல் போர்டு மாட்டிய சின்னக் கார். ஓட்டுபவரின் காலடியில் மூன்று பெடல். பக்கத்து இருக்கையில் உட்காரும் மாஸ்டரின் காலடியில் தனியாக ஒரு பிரேக். கற்றுக்கொள்பவர் எதன்மீதாவது மோதப் போனால் இவர் மிதித்து நிறுத்துவார். மிதித்து மிதித்து அவருடைய ஷூவில் வலதுகால் மட்டும் எப்போதும் முதலில் தேயும். தொழிலில் கெட்டிக்காரர். அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் முதல் தேர்விலேயே உரிமம் வாங்கிவிடுவார்கள் என்று பெயர்.

சொந்த விஷயம் என்று வந்துவிட்டால்தான் அந்தக் கெட்டிக்காரத்தனம் வேறு பக்கம் திரும்பும். அடையாளம் கேட்பார். "ஆண்டவரே, இது உமது சித்தமானால் இன்ன மாதிரி நடக்கட்டும்" என்று முழங்காலில் நிற்பார். எது நடக்கட்டும் என்று தேர்ந்தெடுப்பதில் இருந்தது அவருடைய சாமர்த்தியம். ஒரு தடவை, சபையார் எல்லாரும் சுற்றுலா போவதற்குப் பேருந்து ஏற்பாடு செய்யும் பொறுப்பை அவர் தலையில் கட்டப் பார்த்தார்கள். சனிக்கிழமை மழை பெய்யாவிட்டால் எடுத்துக்கொள்கிறேன் என்று ஆண்டவரிடம் சொன்னார். சொல்வதற்கு முன்னால் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டார். சனிக்கிழமை கொட்டோ கொட்டென்று கொட்டியது. இதில் விசேஷம் என்னவென்றால், அவர் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. ஜெபித்தார், அடையாளம் கேட்டார், வந்தது. யார் போய் என்ன குறை சொல்வது?

இப்படிப்பட்டவரிடம்தான் அக்கா கேட்டாள்.

அக்கா அவரைவிட ரொம்ப மூத்தவள். அம்மா இறந்தபோது அவர் நடக்கப் பழகிக்கொண்டிருந்தார்; அக்காதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். படிப்பில் சுட்டி. மேலே படிக்கட்டுமா என்று அப்பாவிடம் ஒரு தடவை கேட்டாள். "பாக்கலாம்" என்றார் அப்பா. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அப்பாவும் எடுக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் துவைத்து உலர்த்தி மடித்தே தம்பியை ஆளாக்கினாள். நாள் முழுக்க இயந்திரங்கள் இரைகிற இடம் அது. அங்கே கத்திக் கத்திப் பேசியதில் மெதுவாகப் பேசுவது எப்படி என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. அவள் காதோடு ரகசியம் சொன்னால் தெருமுனையில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார்.

பிள்ளைகள் இல்லை. கணவர் இறந்த பிறகு ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தாள். லிஃப்ட் கிடையாது. மூட்டு தேய்ந்துபோய், பால் வாங்கப் போவதென்றால்கூட அன்றைக்கு அதுதான் வேலை என்றாகிவிட்டது. ஒருநாள் மாலை தம்பிக்குப் போன் செய்தாள்.

"டேய், நேத்து மாடிப்படியில விழுந்துட்டேன்டா. பெருசா ஒண்ணும் இல்ல, பயப்படாதே. இனிமே தனியா இருக்க முடியாதுன்னு தோணுது. கல்யாணமாகிப் போன உன் பொண்ணோட ரூம் சும்மாதானே கெடக்கு? நான் வந்து உங்ககூட இருந்துக்கட்டுமா?"

மாஸ்டரின் வாய் அவரைக் கேட்காமலே திறந்தது. "ஜெபிச்சுட்டுச் சொல்றேன்க்கா."

"சரிடா" என்றாள். அக்கா மெதுவாகப் பேசி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

அக்காவின் குரலுக்குப் போன் தேவையே இல்லை என்பதால், சமையலறையில் இருந்த மனைவிக்கும் எல்லாம் கேட்டிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எதுக்குங்க ஜெபிக்கணும்? ரூம் இருக்கு, கட்டில் இருக்கு. நாளைக்கே வரச் சொல்லுங்க."

"எதுலயும் அவசரப்படக் கூடாது. தேவசித்தம்னு ஒண்ணு இருக்கு."

"அக்கா தம்பி வீட்டுக்கு வரதுக்கு எதிரா அவருக்கு என்னங்க சித்தம் இருக்கப் போகுது?"

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

உண்மையில் அறையும் காரணமில்லை, கட்டிலும் காரணமில்லை. சபையில் மாஸ்டருக்கு ஒரு மரியாதை இருந்தது. நிதானமானவர், யோசித்துப் பேசுகிறவர், ஜெபிக்கிற மனுஷன். அக்கா ஒரே ஒரு தடவை அந்தச் சபைக்கு வந்திருந்தாள். ஆராதனை முடிந்து எல்லாரும் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தபோது, "டேய் பல்லி!" என்று அந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டாள். சின்ன வயதில் ஒல்லியாய் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பாராம். அதோடு விட்டாளா? "காணிக்கைப் பை வந்தா இவன் தூங்குற மாதிரி நடிப்பான், தெரியுமா?" என்று பாடகர் குழுவுக்கே சொல்லிச் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். ஆனால் அன்று அவர் முகத்தில் ஏறிய சூடு அதற்குப் பின் முழுதாக இறங்கவேயில்லை. அப்படிப்பட்டவள் வீட்டோடு வந்துவிட்டால் வாராவாரம் சபைக்கும் வருவாளே என்று பயந்தார். பெற்றவளுக்குச் சமமானவளை நினைத்து வெட்கப்பட்டார். வெட்கப்படுகிறோமே என்று இன்னொரு வெட்கம் உள்ளே கிள்ளியது. அதன்மேல் தேவசித்தத்தைப் போட்டு மூடினார்.

அன்று முழங்காலில் நின்றார். "ஆண்டவரே, இது உமது சித்தமானால், ஞாயிற்றுக்கிழமைக்குள் அக்காவே இன்னொரு தடவை கேட்கட்டும்."

அக்கா எதையும் இரண்டாம் தடவை கேட்கமாட்டாள் என்பது உலகத்தில் ஒருவருக்கு நன்றாகத் தெரியும் என்றால் அது அவருக்குத்தான். முழங்காலில் நிற்கும்போதே தெரிந்தது. ஏதோ கூசியது. இருந்தாலும் ஆமென் சொல்லிவிட்டு எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. அக்கா கேட்கவில்லை. மாஸ்டரே போன் செய்து, "ஆண்டவர் வேற வழி வச்சிருக்கார்னு தோணுதுக்கா" என்றார். "சரிடா, நான் பாத்துக்கிறேன்" என்றாள் அக்கா. முதியோர் இல்லம் ஒன்றை அவளே விசாரித்து, அவளே பேசி, அவளே இடம் பிடித்துக்கொண்டாள். சபையில் விசாரித்தவர்களிடம் மாஸ்டர், "எங்களுக்கும் ஆசைதான். வீட்லயும் அவளுக்கு முன்ன மாதிரி முடியல, பாருங்க" என்று இழுத்தார். மனைவி குத்துக்கல் மாதிரி நன்றாகத்தான் இருந்தாள். இதுவும் பொய்யில் சேராது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். யாருக்குத்தான் முன்ன மாதிரி முடிகிறது?

இல்லத்துக்குக் கொண்டுபோய் விடும் வேலையை மட்டும் ஜெபிக்காமலே ஒப்புக்கொண்டார். எல் போர்டு காரிலேயே போனார்கள். அதைப் பார்த்து அக்கா வயிறு குலுங்கச் சிரித்தாள். "இந்த வயசுலயும் கத்துக்கிறியாடா?" என்றாள். முன்பக்கம், மாஸ்டர் வழக்கமாக உட்காருகிற இருக்கையில், உட்கார்ந்து வலிக்கிற காலை நீட்டினாள். முதல் திருப்பத்திலேயே கார் குலுங்கி நின்றுவிட்டது. பின்னால் வந்தவன் ஹாரனை அழுத்தினான்.

"அய்யய்யோ, என்னடா ஆச்சு?"

"அங்க ஒரு பிரேக் இருக்குக்கா. நீ மிதிச்சுட்ட."

அக்கா குனிந்து பார்த்தாள். "இங்கயும் ஒண்ணா? அப்போ நான் நெனச்சா உன்னை நிறுத்திடலாமா?"

"மிதிக்காதேக்கா."

"சரி, மிதிக்கல. நீ ஓட்டு."

அதன் பிறகு வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். தெருவில் போகிற நாயைப் பற்றி, புதிதாக வந்திருக்கும் கட்டடங்களைப் பற்றி, எதைப் பற்றியும். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இல்லத்தின் வாசலில் இறங்கும்போதுதான் மாஸ்டர் கவனித்தார். அக்காவால் காலை நீட்ட முடியவில்லை. அந்தப் பெடல் பட்டுவிடக்கூடாதே என்று வழி முழுவதும் வலிக்கிற முழங்காலை மடக்கி, பாதத்தை இருக்கைக்கு அடியில் ஒடுக்கி வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

"ஏன்க்கா, கொஞ்சம் சொல்லியிருந்தா வண்டியை நிறுத்தியிருப்பேனே?"

"நீதானேடா மிதிக்காதேன்னு சொன்ன."

கதவைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, மெல்ல எழுந்தாள். ஏறு அக்கா, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல மாஸ்டருக்கு நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் இல்லத்து ஆள் வந்து பைகளை எடுத்துக்கொண்டான். நாக்கு நுனிக்கு வந்தது அங்கேயே நின்றுவிட்டது. அன்று வீடு திரும்பும்போது பக்கத்து இருக்கையை அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்ச காலம் கழித்து அவர்கள் சபையின் போதகருக்கு யாரோ ஒரு பழைய காரைக் கொடுத்தார்கள். போதகருக்கு ஓட்டத் தெரியாது. மாஸ்டரிடம்தான் வந்து சேர்ந்தார். நல்ல மனிதர், ஆனால் சாலை என்றால் நடுக்கம். பிரசங்க மேடையில் சிங்கம். ரவுண்டானாவைக் கண்டால் வேர்த்துக் கொட்டும். சிக்னல் இல்லாத ரவுண்டானாவில் நுழைய வேண்டுமானால், சுற்றி வருகிற யாராவது ஒரு புண்ணியவான் நின்று, கையைக் காட்டி, நீங்கள் போங்கள் என்று சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்து நிற்பார். பின்னால் வண்டிகள் வரிசை கட்டும்.

ஒருநாள் மாஸ்டருக்குப் பொறுமை போய்விட்டது.

"பாஸ்டர், யாரும் உங்களுக்குக் கை காட்ட மாட்டாங்க. கண்ணு இருக்குல்ல? பாருங்க. இடம் இருந்தா போங்க, இல்லன்னா நில்லுங்க. முடிவு உங்களோடது."

"தப்பா முடிவெடுத்துட்டா?"

"தப்பாவே இருக்கட்டும். அதை எடுத்தது நான்தான்னு உங்களுக்குத் தெரியணும். அப்பத்தான் அடுத்த தடவை சரியா எடுப்பீங்க. பிரேக்கை நானே மிதிச்சுக்கிட்டிருந்தா நீங்க காலம் பூராவும் ஓட்டக் கத்துக்க மாட்டீங்க."

போதகர் ரவுண்டானாவைச் சுற்றி வந்து ஓரமாக வண்டியை நிறுத்தினார். அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "மாஸ்டர், இதைத்தான் நான் ஒரு மாசமா பிரசங்கத்துல சொல்லப் பாக்குறேன், வாயில வர மாட்டேங்குது. ஆண்டவர் நமக்குச் சுயசித்தம் குடுத்திருக்கார்ங்கறதை இவ்வளவு பளிச்சுன்னு யாரும் சொன்னதில்ல. வர ஞாயித்துக்கிழமை நீங்களே வந்து பேசுங்களேன்?"

மாஸ்டர் கண்ணை மூடவில்லை. "அதுக்கென்ன பாஸ்டர், பேசிட்டாப் போச்சு" என்றார். உள்ளே ஒரு முள் குத்தியதென்னவோ உண்மை. பெருமை அதைவிட வேகமாக ஓடி வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோட்டு போட்டுக்கொண்டு போனார். ரவுண்டானாக் கதையைச் சொன்னார். சபை சிரித்தது, போதகர் தன்னைத்தான் சொல்கிறார் என்று கையை உயர்த்திக் காட்டி இன்னும் சிரிக்க வைத்தார். அத்தோடு இறங்கியிருக்கலாம். கூட்டம் சிரித்தால் பேசுகிறவனுக்குக் கால் தரையில் நிற்காது. சாட்சியாகச் சொந்த வாழ்க்கையில் நடந்த ஒன்றையும் சேர்த்துவிடுவோம் என்று நினைத்துவிட்டார்.

"முடிவு நம்மளோடதுதான். ஆனா நம்ம விருப்பத்தை அதுல நுழைக்கக் கூடாது. எங்க அக்கா விஷயத்துல நான் என்ன பண்ணினேன் தெரியுமா? எங்க வீட்டுக்கு வரட்டுமான்னு கேட்டாங்க. வரச் சொல்லணும்னு என் மாம்சத்துல எவ்வளவோ ஆசை. அதை அடக்கிக்கிட்டு ஆண்டவர்கிட்ட விட்டுட்டேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள அக்கா இன்னொரு தடவை கேட்டா அது உம்ம சித்தம்னு எடுத்துக்கிறேன், ஆண்டவரே, அப்படின்னு ஒரு அடையாளம் கேட்டேன். அவங்க கேக்கல. நான் கீழ்ப்படிஞ்சேன்."

அன்றைக்குப் பார்த்து இல்லத்தின் வேன் முதியோர்களைச் சபைக்கு அழைத்து வந்திருந்தது. நேரமாகிவிட்டதால், பாட்டு நடக்கும்போது வந்து ஓரத்துப் பெஞ்சில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் கவனிக்கவில்லை. அக்கா அங்கேதான் இருந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாளின் காதோடு காதாக, அவளைப் பொறுத்தவரை மிக ரகசியமாக, ஒரு வார்த்தை சொன்னாள்.

"நான் ரெண்டாந்தரம் கேக்க மாட்டேன்னு அவனுக்குத் தெரியுமே!"

கடைசி வரிசைவரை கேட்டது.

அதில் கோபம் இல்லை. குத்திக்காட்டவும் இல்லை. நிஜமாகவே புரியாமல், ஆச்சரியப்பட்டுச் சொன்னாள். அதனால்தான் சபை அப்படி உறைந்துபோயிற்று. யாரோ ஒருவர் மட்டும் சிரிக்கப் பார்த்து, இருமிச் சமாளித்தார். மாஸ்டர் தூணின் பக்கம் திரும்பினார். அக்காவும் எட்டிப் பார்த்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் தான் சத்தமாகப் பேசிவிட்டது அவளுக்கு உறைத்தது போலும். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் பட வேண்டிய வெட்கத்தை அவளும் சேர்ந்து பட்டாள். அதைப் பார்த்ததும் மாஸ்டருக்கு உடம்பெல்லாம் குன்றிப்போயிற்று. "அவ்வளவுதான்" என்று யாரிடமோ சொல்லிவிட்டு மேடையைவிட்டு இறங்கினார். போதகர் அவசர அவசரமாக ஒரு பாட்டை அறிவித்தார்.

ஆராதனை முடிந்ததும் அவர் அக்காவிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. பின்பக்க அறைக்குப் போய் நாற்காலி அடுக்கினார். யாரும் அவரைக் கேட்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே, வேன் கிளம்புகிற சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். சத்தம் வந்தது. அப்புறம்தான் வெளியே வந்தார். அந்த நேரத்தில் தன்னைப்போல ஒரு கோழை அந்தக் கட்டடத்திலேயே இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வாசலில் வயதான ஓர் அம்மாள் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப உடம்பு தேவலையாம்மா? நீ முடியாம இருக்கறதாலதானே உன் நாத்தனாரை வச்சுக்கலைன்னு சொன்னாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கா?" என்றாள் மனைவி. பிறகு மாஸ்டரைப் பார்த்தாள். அவர் பார்வையைத் தரைக்கு இறக்கினார்.

வீட்டுக்கு வந்து சாவியை மேசைமேல் வைத்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். "இந்தப் பக்கம் ஆண்டவரை நிறுத்தினீங்க. அந்தப் பக்கம் என்னை நிறுத்தினீங்க. நடுவுல நீங்க நல்லவரா நின்னுட்டீங்க." கத்தவில்லை. உள்ளே போய் மகளின் அறைக் கதவைத் திறந்து, கட்டில்மீது கிடந்த துணிமணிகளை எல்லாம் எடுத்து ஒதுக்கினாள். கட்டிலைத் தட்டிப் புது விரிப்பு போட்டாள். இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்! மனைவி சொன்னாள், போனேன் என்று ஆகியிருக்கும்.

மறுநாள் மாஸ்டர் வகுப்புகளை ஒத்திவைத்தார். முழங்காலில் நின்றார். வழக்கம்போல வாய் "இது உமது சித்தமானால்" என்று ஆரம்பித்தது. பாதியில் நிறுத்திவிட்டார். அக்காவை வீட்டுக்குக் கூப்பிடுவது சரியா தப்பா என்று கேட்க இப்போது வாய் கூசியது. பதில் அக்கா போன் செய்த அன்றைக்கே தெரியும். அவர் கேட்டதெல்லாம் பதிலை இல்லை, ஒளிந்துகொள்ள ஒரு இடத்தை. கேட்ட போதெல்லாம் ஆண்டவர் பேசாமல் இருந்தார்; அந்த மௌனத்தைச் சம்மதமாக இவரே எழுதிக்கொண்டார். நெற்றியைக் கட்டில் விளிம்பில் வைத்துக்கொண்டு, "அது நீர் இல்லை, ஆண்டவரே. நான்தான்" என்றார். எழுந்து போனார்.

அக்கா இல்லத்தின் துணி அறையில் இருந்தாள். வந்த சில நாளிலேயே, இங்கே ஒருவருக்கும் மடிக்கத் தெரியவில்லை என்று சண்டை போட்டு அந்த வேலையைக் கைப்பற்றியிருந்தாள். நீள மேசைமேல் உலர்ந்த துண்டுகள் மலையாய்க் கிடந்தன. தம்பியைப் பார்த்ததும் அவள்தான் முதலில் பேசினாள்.

"நேத்து சத்தமா சொல்லிட்டேன்டா. மெதுவாத்தான் சொல்றேன்னு நெனச்சேன். உன் மூஞ்சியைப் பாத்ததும்தான் தெரிஞ்சுது."

"நீ எதுக்குக்கா..." என்றார். மன்னிப்பு கேட்க வந்த இடத்தில் அவள் முந்திக்கொண்டுவிட்டாள். "அக்கா, வீட்டுக்கு வந்துடு."

"உங்க பாஸ்டர் சொல்லி அனுப்பினாரா?"

"இல்ல."

"உன் பொண்டாட்டி?"

"இல்லக்கா. நானாத்தான் வந்தேன்."

"அத்தனை பேர் முன்னாடி மானம் போச்சேன்னு கூப்பிடுறியா?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் எடுத்தார். "அதுவும் இருக்கு" என்றார்.

"ம்" என்றாள் அக்கா. ஒரு துண்டை எடுத்து உதறினாள்.

"உன்னை வீட்ல வச்சுக்க எனக்கு வெக்கமா இருந்துச்சுக்கா. நீ சத்தமாப் பேசுவ. பழசையெல்லாம் நாலு பேர் முன்னாடி எடுத்து விடுவ. அதான் காரணம். வேற ஒண்ணுமே இல்ல. அதைச் சொல்லத் தைரியம் இல்லாம ஆண்டவர் மேல பழியைப் போட்டுட்டேன்."

"தெரியும்டா."

"தெரியுமா? எப்ப இருந்து?"

"உன் கல்யாணத்தன்னைக்கு முன்வரிசையில உக்காந்திருந்தேன். நீ வந்து, இங்க புழுக்கமா இருக்குக்கா, பின்னால ஜன்னல் பக்கம் காத்து வரும்னு கூட்டிட்டுப் போய்க் கடைசியில உக்கார வச்சியே. அப்ப இருந்து."

மாஸ்டருக்கு அது நினைவிருந்தது. அக்காவுக்குப் புழுக்கம் ஆகாது, எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டோம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைவிருந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இதெல்லாம் தெரிஞ்சுமா என்கிட்ட வந்து கேட்ட?"

"கேட்டேன். அப்ப நீ சின்னப் பையன். இப்ப வேற மாதிரி இருக்கலாம்ல? நானா முடிவு கட்டிட்டு கேக்காம இருந்தா அது உனக்குப் பண்ற அநியாயம் இல்லையா? வான்னு சொல்லுவ, இல்ல வராதேன்னு சொல்லுவ. வராதேக்கான்னு சொல்லியிருந்தாக்கூட அழுதுட்டு விட்டிருப்பேன்டா. ஆண்டவரைக் கேக்கறதா இருந்தா எனக்கே கேக்கத் தெரியாதா? நான் உன்னைத்தானே கேட்டேன்."

எப்போதும்போல அவள் குரல் அறை முழுக்க நிறைந்தது. வராந்தாவில் நடந்து போன இல்லத்து ஆள் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அவன் கேட்டால் கேட்கட்டும் என்று மாஸ்டர் நின்றார்.

"இப்ப வருவியாக்கா?"

"இப்பவே சொல்ல மாட்டேன். இங்க எனக்கு ஒரு வேலை இருக்கு, சிநேகிதம் இருக்கு. உன் வீட்ல உன் மூஞ்சி இருக்கு. யோசிக்கணும். ஆனா வரேனோ வரலையோ, அதை நானாத்தான் சொல்லுவேன். அதுவரைக்கும் சும்மா நிக்காதே, வந்து பிடி. ஓரம் ஓரத்தோட சேரணும்."

துண்டுகளில் பாதியை அவர் பக்கம் தள்ளினாள். மாஸ்டர் ஒன்றை எடுத்து மடித்தார். கண்ணீர் மறைத்ததில் ஓரம் கோணிக்கொண்டு போயிற்று. அக்கா அதை வாங்கிப் பார்த்தாள். உதறிப் பிரித்து, திரும்பவும் அவர் கையிலேயே கொடுத்தாள்.